திருவனந்தபுரத்துப் படநிலையங்கள்

கோயிலைக் காப்பதற்குப் பக்தி உண்டு; கோட்டையைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. ஒரு நாட்டின் மக்கள் இருட்டில் ஒன்றாக அமர்ந்து சிரித்ததும் அழுததும் எந்த மண்ணில் உருவாயிற்றோ, அந்த மண்ணைக் காப்பதற்கு என்ன உண்டு? சினிமாக் கலைக்கு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆயினும் அக்கலை பிறந்த தொழிற்கூடங்களாகிய ஸ்டூடியோக்களில் பல இன்று அடையாளம் தெரியாமல் மறைந்துவிட்டன. நின்றவை சில, வேறு உருவெடுத்து வாழ்பவை மிகச் சில. இவை ஏன் மறைந்தன, நின்றவை எவ்வாறு நின்றன என்பதைத் திருவனந்தபுரம் என்னும் ஒரு நகரை நடுவே வைத்து ஆராய்வது பயன் தரும். இந்நகரின் சினிமா வரலாற்றில் தமிழ் மண்ணில் பிறந்தோர் பங்கு பெரிது. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு அது அறியத்தக்க செய்தியாகும்.

அனந்தபுரம் எனப்படும் இந்நகரம் திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் கோட்டைக்குள்ளும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி வகுக்கப்பட்டபோது, கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் நாகர்கோவிலும் அகஸ்தீஸ்வரமும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்கள். ஆகவே நாஞ்சில் நாட்டு இளைஞர் ஒருவர் தொழில் தேடித் தலைநகருக்குச் சென்றால், அவர் அயல் மாநிலம் சென்றவர் ஆகார். தம் நாட்டின் தலைநகருக்குச் சென்றவரே ஆவார். கேரளத்தின் சினிமா வரலாறு இத்தகைய இருவரிடமிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாமவர் ஜே. சி. டேனியல். ஜோசப் செல்லையா டேனியல் என்பது முழுப்பெயர். அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புடைய வசதி மிக்க குடும்பத்தைச் சேர்ந்தவர். சிலம்பம், அடிமுறை போன்ற நாட்டு வீரக்கலைகளில் பற்றுக் கொண்டிருந்த அவர், அவற்றை உலகறியச் செய்வதற்குச் சலனப்படமே ஏற்ற கருவி என்று கருதினார். தம் சொத்தை விற்றுப் பணம் திரட்டி, 1926-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படநிலையத்தை நிறுவினார். கேரளத்தின் முதல் ஸ்டூடியோ இதுவே. அங்கு உருவான ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், தயாரிப்பாளர், நடிகர் ஆகிய பொறுப்புகள் அனைத்தையும் அவரே ஏற்றார். அப்படம் 1928-இல் வெளிவந்ததென்று சிலரும், 1930-இல் வெளிவந்ததென்று சிலரும் கூறுவர். திருவனந்தபுரத்துக் காபிடல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது.

அப்படத்தின் கதாநாயகி பி. கே. ரோஸி. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த அப்பெண், திரையில் உயர்குலப் பெண்ணாக நடித்தார். அன்றைய சாதிச் செருக்கு அதைப் பொறுக்கவில்லை. கொட்டகையில் கலகம் மூண்டது. திரைமீது கல் வீசப்பட்டது. ரோஸி ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டில் வேறு பெயருடன் வாழ்ந்து மறைந்தார். டேனியலுக்கு நேர்ந்ததும் துன்பமே. கடன் சூழ்ந்தது; கருவிகளை விற்றார்; நிலையம் மூடப்பட்டது. பின்னர்ப் பல் மருத்துவராக வாழ்க்கை நடத்திய அவர், 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை அவருக்கு உரிய சிறப்புக் கிட்டவில்லை. சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளரின் விடாமுயற்சியால் அவர் பெயர் மீட்கப்பட்டது. 1992 முதல் மலையாளத் திரையுலகின் வாழ்நாள் சாதனைக்காகக் கேரள அரசு வழங்கும் விருது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 2013-இல் அவர் வாழ்க்கையே ‘செல்லுலாய்டு’ என்னும் படமாயிற்று.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். விருது இருக்கிறது, வாழ்க்கைக் கதை இருக்கிறது, ஆனால் பட்டத்து ஸ்டூடியோ இல்லை. ‘விகதகுமாரன்’ படத்தின் பிரதி ஒன்றேனும் எஞ்சவில்லை. அந்தக் கூடத்தில் வெளிச்சம் எவ்வாறு அமைக்கப்பட்டது, காமெரா எங்கே நின்றது, ரோஸி எவ்வாறு நடித்தார் என்பதை இனி ஒருவரும் காண இயலாது. பெயர் மீளும், பொருள் மீளாது. காப்பாற்றும் முயற்சி காலம் தாழ்த்தி வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான செய்தி அடுத்த படத்தில் இருக்கிறது. டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில், பி. வி. ராவ் இயக்கத்தில், 1933-இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படம் வெளிவந்தது. சி. வி. ராமன் பிள்ளை எழுதிய புகழ்பெற்ற நாவலைத் தழுவியது அது. நாவலின் உரிமை எங்களுடையது என்று கமலாலயம் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் தடைப்பட்டது; பிரதி முடக்கப்பட்டது; தயாரிப்பாளர் நஷ்டமடைந்தார். ஆனால் வழக்கில் சிக்கிய அந்தப் பிரதி அலமாரியில் உறங்கிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1974-இல், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கையில் அது கிடைத்தது. அக்காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி. கே. நாயர், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தென்னாட்டு மௌனப் படங்களுள் நமக்கு எஞ்சியிருப்பவை மிக அரிது; அவற்றுள் ஒன்று நமக்குக் கிடைத்தது ஒரு வழக்கின் பயனாக! விற்றுப் பயன்பெற முடியாத நிலையே பொருளைக் காத்தது. இந்த உண்மையைப் பின்னரும் நினைவில் கொள்வோம்.

பேசும் படம் வந்த பிறகு நிலைமை மாறியது. மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-இல் வெளிவந்தது. அது உருவானது கேரளத்தில் அன்று, சேலத்தில், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிலையத்தில். அதற்குக் காரணம் தெளிவானது. ஒலிப்பதிவுக்குச் சுவர் கனத்த தளம் வேண்டும். பிலிமைக் கழுவிப் பதனிடும் கூடம் வேண்டும். ஒளியமைப்பாளர், ஒப்பனையாளர், தச்சர், மின்தொழிலாளர் எனப் பலர் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டும். இவை யாவும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்தன, திருவிதாங்கூரில் இல்லை. ஆகவே மலையாளப் படத்தின் பாத்திரங்கள் மலையாளம் பேசினாலும், அவற்றுக்கு ஒளி கொடுத்த கைகளில் பல தமிழ்க் கைகள். கோடம்பாக்கத்தில் பல்லாண்டுகள் இந்நிலை நீடித்தது.

இந்தக் குறையைப் போக்க எழுந்தவை இரு நிலையங்கள். 1947-இல் ஆலப்புழையில் குஞ்சாக்கோ ‘உதயா’ நிலையத்தைத் தொடங்கினார். 1951-இல் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் பி. சுப்பிரமணியம் ‘மெரிலாண்ட்’ நிலையத்தை நிறுவினார். நாம் முன்னர்க் கூறிய இருவருள் இரண்டாமவர் இவரே. 1910-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தலைநகரில் திரைப்படக் கொட்டகைகளை நடத்தித் தொழில் பழகியவர். நேமம் என்பது நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை நகரைவிட்டு வெளியேறும் பக்கத்தில் உள்ள ஊர். தாம் பிறந்த ஊருக்குப் போகும் வழியிலேயே அவர் தம் தொழிற்கூடத்தையும் அமைத்துக் கொண்டார்.

அவருடைய ‘நீலா’ நிறுவனத்தின் முதல் படமான ‘ஆத்மசகி’ 1952-இல் வெளிவந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அந்நிலையத்திலிருந்து படங்கள் தொடர்ந்து வந்தன. குடும்பக் கதைகளோடு புராணக் கதைகளும் அவருக்கு உவப்பானவை. கேரள அரசு திரைப்பட விருதுகளை முதன்முதலாக வழங்கியது 1969-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அவ்வாண்டின் சிறந்த படம் என்னும் விருதை அவருடைய ‘குமாரசம்பவம்’ பெற்றது. 1975-இல் வெளிவந்த ‘சுவாமி ஐயப்பன்’ பெரும் வெற்றியடைந்தது. நீலா படங்களின் தொடக்கத்தில் முருகப் பெருமானின் உருவம் சின்னமாகத் தோன்றும். உதயா படங்களின் தொடக்கத்திலோ உலக உருண்டை மீது சேவல் நின்று கூவும். ஒரு நிலையம் முருகனையும், மற்றொன்று அவன் கொடியில் உள்ள சேவலையும் பங்கிட்டுக் கொண்டதுபோல் இது தமிழருக்குத் தோன்றும். இரு நிலையங்களுக்கும் இடையே நிலவிய போட்டி மலையாளத் திரையுலகில் இன்றும் பேசப்படுவது.

போட்டி இருந்தவரை இரண்டும் வாழ்ந்தன. அவ்விரண்டையும் தளரச் செய்தது எதிரி நிலையம் அன்று. கலையின் வளர்ச்சியே ஆகும். 1965-இல் வெளிவந்த ‘செம்மீன்’ கடற்கரையையே களமாகக் கொண்டது. 1970-இல் பி. என். மேனன் இயக்கிய ‘ஓளவும் தீரவும்’ ஸ்டூடியோச் சுவர்களைவிட்டு முற்றிலும் வெளியேறியது. தமிழிலும் 1977-இல் ‘16 வயதினிலே’ வந்தபோது இதே மாறுதல் நிகழ்ந்தது. உண்மையான வயலும் வீதியும் ஆறும் கிடைக்கும்போது, சுண்ணாம்பும் சாக்கும் கொண்டு கட்டிய வீதி எதற்கு என்று இளைய இயக்குநர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. கலை உயர்ந்தது, ஆனால் தளங்கள் வெறிச்சோடின. காமெரா இலகுவாயிற்று, பிலிம் சுருள் போய் எண்ணியல் முறை வந்ததும், பதனிடும் கூடங்களுக்கும் வேலை இல்லாமற் போயிற்று.

வேலை குறைந்த அதே காலத்தில் நிலத்தின் விலை ஏறிற்று. ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியே, அமைதியும் மலிவும் நாடி அமைக்கப்பட்டவை. நகரம் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்து கொண்டது. ஆண்டு முழுவதும் தளத்தை வாடகைக்கு விட்டு ஈட்டும் பணம், நிலத்தை விற்றால் கிடைக்கும் தொகைக்கு வட்டியாகக்கூட ஈடாகாத நிலை வந்தது. அந்தக் கணக்கின் முன்னே பழம்பெருமை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

விளைவை நாடெங்கும் காணலாம். சென்னையில் எஸ். எஸ். வாசன் வளர்த்த ஜெமினி நிலையம் 1948-இல் ‘சந்திரலேகா’வை நாட்டுக்கு அளித்தது, இன்று அவ்விடத்தில் வாணிபக் கட்டடங்கள் நிற்கின்றன. 1973-இல் அதனருகே கட்டிய மேம்பாலத்துக்கு அரசு அண்ணாவின் பெயரைச் சூட்டியது. மக்கள் வாயிலோ அது இன்றும் ஜெமினி பாலமே. வடபழனியில் நாகி ரெட்டியாரின் விஜயா வாகினி நிலையம் பரந்து கிடந்த மண்ணில் இன்று மருத்துவமனையும் ஓட்டலும் அங்காடி வளாகமும் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எஞ்சி நிற்பது, ஏற்காடு செல்லும் சாலையோரத்து முகப்பு வளைவு. மலையாளத்தின் முதல் பேசும் படமும் தமிழின் முதல் வண்ணப் படமும் அந்த வளைவுக்குப் பின்னே உருவானவை. ஆலப்புழை உதயாவும் குஞ்சாக்கோ மறைந்தபின் தளர்ந்து, கைமாறி, ஸ்டூடியோவாக இல்லாது போயிற்று. பம்பாயில் செம்பூர்த் தமிழர்கள் நாள்தோறும் கடந்து சென்ற ஆர். கே. ஸ்டூடியோவை 1948-இல் ராஜ் கபூர் நிறுவினார். 2017-இல் அது தீப்பற்றி எரிந்தது. மீண்டும் கட்டினால் வருவாய் வாராது என்று குடும்பத்தார் அடுத்த ஆண்டே விற்க முடிவு செய்தனர். 2019-இல் வீடு கட்டும் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது.

இத்தகைய விற்பனைகளில் உரிமையாளரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை கட்டிய தொழிலை மக்கள் பலராகப் பங்கிட்டுக் கொள்கின்றனர். வரி செலுத்த வேண்டும். காவல் வைக்க வேண்டும். ஒழுகும் கூரையைச் செப்பனிட வேண்டும். ஊரார் பெருமைப்படுவதற்காக ஒரு குடும்பம் மட்டும் செலவு செய்ய வேண்டுமென்பது நியாயமாகாது. பொதுமக்களுக்கு அவ்விடத்தில் உரிமை உண்டென்றால், பொறுப்பும் உண்டு.

சட்டம் இங்கு எவ்வளவு துணை செய்யும்? 1958-ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் பற்றிய மத்தியச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடையவற்றையே தன் காவலின் கீழ்க் கொள்ளும். பட்டத்து நிலையம் நின்றிருந்தால் அதற்கு நூறாண்டு நிறைவது 2026-இல். உதயாவுக்கு அந்த வயது வருவது 2047-இல், மெரிலாண்டுக்கு 2051-இல். மன்னர் காலத்து மண்டபத்துக்கு அமைந்த அளவுகோலைத் தொழிற்கூடத்துக்கு வைத்தால், சட்டம் கைநீட்டும் நாளில் பற்றுவதற்கு எதுவும் இராது. ஆகவே நகரங்கள் தமக்கெனப் பாரம்பரியப் பட்டியல் வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. பம்பாய் மாநகரம் 1995-இல் இத்தகைய விதிகளை வகுத்தது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது. கோலாப்பூரில் மராத்திப் படத்துறையின் முன்னோடி பால்ஜி பெண்டார்கரின் ஜெயபிரபா ஸ்டூடியோ இருந்தது. 1948-இல் மூண்ட கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. அவர் கடன்பட்டு மீண்டும் கட்டினார். 1959-இல் அது பாடகி லதா மங்கேஷ்கர் கைக்குச் சென்றது. அந்நிலம் விற்கப்பட்ட செய்தி 2022-இல் வெளிப்பட்டபோது, உள்ளூர்க் கலைஞர்களும் தொழிலாளரும் தெருவில் இறங்கிப் போராடினர். கிளர்ச்சி எழுந்தது விற்பனை முடிந்த பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிளர்ச்சி பயன் தந்த இடமும் உண்டு. இங்கிலாந்தில் லண்டனை அடுத்துள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவை 1988-இல் நிலவாணிப நிறுவனம் ஒன்று வாங்கியது. நடிகரும் தொழிலாளரும் ஊர் மக்களும் ‘நம் ஸ்டூடியோக்களைக் காப்போம்’ என்னும் இயக்கம் நடத்தினர். நிலத்தின் ஒரு பகுதி பேரங்காடிக்குப் போயிற்று. ஆனால் மக்கள் ஓயவில்லை. முடிவில் 1996-இல் அவ்வூர் நகராட்சி எஞ்சிய நிலத்தை விலை கொடுத்து வாங்கியது. புதிய தளங்கள் எழுந்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் படங்களும் மீண்டும் உருவாயின. அங்கே நினைவுச் சின்னம் எழுப்பப்படவில்லை, வேலை காக்கப்பட்டது. வேலை காக்கப்பட்டதால் கட்டடமும் நின்றது.

நம் நாட்டிலேயே இதைவிடச் சிறந்த சான்று ஒன்று உண்டு. அதன் பயன் திருவனந்தபுரத்துக்கே வந்து சேர்ந்தது. சாந்தாராம், தாம்லே, பத்தேலால் முதலியோர் 1929-இல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனம் 1933-இல் புனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1936-இல் அவர்கள் எடுத்த ‘சந்த் துக்காராம்’ வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. சுதந்திரத்துக்குப் பின் சில ஆண்டுகளில் அந்நிறுவனம் நொடித்தது. அந்த நிலமும் வீடுகளாக மாறியிருக்கலாம். ஆனால் அரசு அதனை ஏற்று, 1960-இல் அங்கே திரைப்படக் கல்லூரியை நிறுவியது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் புனாவிலேயே தோன்றியது. பழைய தளங்களில் புதிய மாணவர்கள் விளக்குத் தூக்கினர்.

அம்மாணவர்களுள் ஒருவர் அடூர் கோபாலகிருஷ்ணன். 1965-இல் படிப்பை முடித்துத் திருவனந்தபுரம் திரும்பிய அவர், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலிய நண்பர்களோடு சேர்ந்து சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். அதை ஒட்டிக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றும் எழுந்தது. அந்த நிறுவனம் எடுத்த ‘சுயம்வரம்’ 1972-இல் வெளிவந்து நாட்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொரு மாணவர் ஷாஜி என். கருண். கேரள அரசு 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை அமைத்தபோது அதன் தொடக்கப் பணிகளில் பங்கு கொண்டவர். 2019 முதல் 2025-இல் மறையும்வரை அதன் தலைவராகவும் விளங்கியவர். அக்கழகம் 1980-இல் திருவனந்தபுரத்துத் திருவல்லம் குன்றில் ‘சித்ராஞ்சலி’ ஸ்டூடியோவை நிறுவியது. படங்களைக் கேரளத்துக்குள்ளேயே உருவாக்குவோர்க்கு அரசு மானியமும் கிடைத்தது. பெருமுதல் இல்லாத இளைஞர்கள் கோடம்பாக்கத்துக்குச் செல்லாமலே படம் எடுக்க முடிந்தது. எங்கோ புனாவில் ஒரு பழைய ஸ்டூடியோ வீட்டுமனையாகாமல் தப்பியதால், திருவனந்தபுரத்தில் புதிய ஸ்டூடியோ ஒன்று பிறந்தது. காப்பாற்றுவதன் பயனை அந்த ஊரின் எல்லைக்குள் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

புனாவிலும் இழப்பு இல்லாமல் இல்லை. 2003 ஜனவரியில், பிரபாத் காலத்துப் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்த நைட்ரேட் பிலிம் சுருள்கள் தீப்பற்றிப் பல பழம்படங்கள் அழிந்தன. இடம் காக்கப்பட்டது, பொருள் எரிந்தது. பட்டத்தில் இடமும் பொருளும் போயின, பெயர் மீண்டது. ‘மார்த்தாண்ட வர்மா’வில் பொருள் தப்பியது, அதைத் தயாரித்தவர் தளர்ந்தார். ஆகவே காத்தல் என்பது ஒன்றன்று. இடத்தைக் காத்தல், பொருளைக் காத்தல், தொழிலைக் காத்தல் என அது மூன்று கூறு உடையது. ஒன்றைச் செய்துவிட்டு மூன்றையும் செய்ததாக எண்ணி அமைவதே நாம் பெரும்பாலும் செய்யும் தவறு.

திருவனந்தபுரத்துக்கு இன்றும் வாய்ப்பு உண்டு. மெரிலாண்டின் பெயர் அணைந்துவிடவில்லை. சுப்பிரமணியத்தின் பேரர் விசாக் சுப்பிரமணியம் அப்பெயரைத் தாங்கி 2022-இல் ‘ஹிருதயம்’ என்னும் படத்தின் வாயிலாக மீண்டும் தயாரிப்பில் இறங்கினார். 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘வர்ஷங்ஙள்க்கு சேஷம்’, சினிமாக் கனவோடு கேரளத்திலிருந்து கோடம்பாக்கம் சென்ற இளைஞரின் கதை. அந்த நெடிய போக்குவரத்தின் நினைவு மூன்றாம் தலைமுறையிலும் மறையவில்லை. சித்ராஞ்சலியோ அரசின் உடைமை. அதைத் திரைப்பட நகரமாக விரிவாக்கும் திட்டத்தை மாநில அரசு முன்வைத்துள்ளது. விரிவு வேண்டியதே. ஆனால் பொதுநிலத்தில் எழும் விரிவு தொழிலை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். விடுதியும் அங்காடியும் முன்னே வந்து, தளமும் ஒலிக்கூடமும் பின்னே ஒதுங்கினால், அரசே ஆர். கே. ஸ்டூடியோவின் வழியில் நடந்ததாகும். தனியார் நிலம் கைமாறும்போது செய்தி வெளிவரும். பொதுநிலம் மெல்ல மெல்ல வேறு பயனுக்கு நழுவும்போது அது யார் கண்ணிலும் படுவதில்லை.

செய்யத்தக்கவை பல, அவற்றுள் சில எளியவை. பட்டத்தில் முதல் ஸ்டூடியோ எழுந்ததை வழிப்போக்கருக்கு அறிவிக்கும் கல் ஒன்று மலையாளத்திலும் தமிழிலும் நிற்க வேண்டும். எஞ்சியுள்ள ஸ்டூடியோக்களின் தளங்கள், கருவிகள், வரைபடங்கள், கணக்கேடுகள் ஆகியவற்றை, விற்பனைப் பேச்சு எழுவதற்கு முன்பே படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒளியமைத்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வைத்தல் வேண்டும். தனியார் நிலையங்களைத் தொழிலாக நடத்துவோர்க்கு வரிச் சலுகை வழங்குவது, பின்னர் நிலத்தை விலைக்கு வாங்குவதைக் காட்டிலும் சிக்கனமானது.

இவை அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியவை. நம்மால் இயல்வதும் உண்டு. பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்புக்காக வந்த குடும்பங்களில் பழைய பெட்டிகள் இருக்கும். அவற்றில் பாட்டுப் புத்தகங்கள், படத்தின் நோட்டீசுகள், ஒப்பந்தத் தாள்கள், தளத்தில் தாத்தா நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் இருக்கக்கூடும். அவருடைய பெயர் திரையில் ஓடாதிருக்கலாம். அவர் விளக்கு ஏந்தியவராகவோ தச்சு வேலை செய்தவராகவோ இருந்திருக்கலாம். அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைபோட்டு விற்பதற்கு முன், ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதலாம். அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஒருவர் பட்டத்திலும், நாகர்கோவில்காரர் ஒருவர் நேமத்திலும் கட்டியவை ஒரு மாநிலத்தின் கலைக்கு அடித்தளமாயின. கட்டியவர் எந்த மொழி பேசினார் என்று அந்தச் சுவர்கள் கேட்கவில்லை. காக்க வருபவரையும் அவை கேட்கமாட்டா.